வலிக்காத புண்

நடந்து வரும்போது செருப்பு கழன்று விழுந்ததே தெரியவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு காலில் செருப்பு இருக்காது. பல வருடச் சுகரில் பாத நரம்பு செத்துப்போனதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். சுருக்கென்று குத்தினால் காலை இழுத்துக்கொள்வோம். அந்தச் சுருக்குதான் போய்விடுகிறது.

வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளிடம் கண்டதும் இதைத்தான். வலி தெரியாததால் அதே இடத்தை மறுபடி மறுபடி மிதித்துப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள் என்றார். சுகர் பாதத்திலும் கதை அதே. மரத்துப்போன காலுக்கு எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பு வாங்குங்கள், பின்வார் வைத்தது. விரலிடுக்கில் வார் உராயும் ஹவாய் வேண்டாம். சாயங்காலம் கடைக்குப் போங்கள். கால் சற்று வீங்கியிருக்கும்போது பார்த்த அளவுதான் சரியாக இருக்கும். போடுமுன் உதறி, உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். ஒரு சிறு கல் போதும், பாதத்தைத் துளைக்க. வெயிலில் கோயில் பிராகாரம் சுற்றுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதிகாலையில் போனால் சாமி கோபித்துக்கொள்ளாது.

தினமும் இரவில் பாதத்தைக் கழுவுங்கள். ஊறவைக்காதீர்கள். வெந்நீர் என்றால் சூட்டை முழங்கையால் பாருங்கள். பாதம் பொய் சொல்லும். விரலிடுக்கை ஒற்றித் துடையுங்கள், ஈரம் நின்றால் சேற்றுப்புண். தேங்காயெண்ணெய் குதிகாலுக்கு, பித்தவெடிப்புக்கு, இடுக்கில் தடவக்கூடாது. அடிப்பாதத்தைக் கண்ணாடியில் பாருங்கள், கண் மங்கலென்றால் பேரனைப் பார்க்கச் சொல்லுங்கள். நகத்தை நேராக வெட்டுங்கள்.

கால் ஆணிக்குக் கடையில் விற்கும் பிளாஸ்டரை ஒட்டாதீர்கள். அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும். பிளேடும் வேண்டாம். ஆணிக்கு நடுவே கருப்பாகத் தெரிந்தால் அடியில் ரத்தம் கசிந்திருக்கிறது, புண் தொடங்கிவிட்டது.

புண் வந்தால் சுத்தமான தண்ணீரில் கழுவி, காஸ் துணியால் மூடி, மறுநாளைக்குள் டாக்டரிடம் போங்கள். மஞ்சள், காபித்தூள் எதுவும் வேண்டாம். மருந்தைவிட முக்கியம், அந்தப் பாதத்தை ஊன்றாமல் இருப்பது. மிதித்துக்கொண்டே இருந்தால் எந்தக் களிம்பும் ஆற்றாது.

வருடத்துக்கொரு முறை, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழைச் சோதனை செய்யச் சொல்லுங்கள். கண்ணை மூடச் சொல்லி, இழை வளையும்வரை பாதத்தில் அழுத்துவார்கள். உணர்ச்சி இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, மற்றதைவிடச் சூடாக இருக்கும். வலி அவ்வளவாக இராது. உள்ளே எலும்பு நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலும் போகும். சுளுக்கு என்று நீவிவிடாதீர்கள். காலை ஊன்றாமல் அன்றைக்கே ஆட்டோ பிடித்துப் போங்கள்.