போலி என்று பெயர் வாங்கிப் பிழைத்த ஓவியம்

வணக்கம் மக்களே! என் கையில் இருப்பது சாதாரண வரைகாகிதம்தான். 33 செ.மீ. அகலத்துக்கு வெட்டி, ஒட்டி, நீளமாகச் சுருட்டி வைத்திருக்கிறேன். சீனத்தில் இப்படி ஒரு சுருள் ஓவியத்தை மேசையில் வைத்து, வலது பக்கத்திலிருந்து ஒரு முழம் பிரிப்பார்கள். பார்த்ததைச் சுருட்டிக்கொண்டே அடுத்த முழத்துக்குப் போவார்கள். ஆற்றங்கரையோரம் நடந்து போகிற மாதிரி இருக்கும்.

அப்படிப் பார்க்க வேண்டியதுதான் ஹுவாங் கோங்வாங் வரைந்த ஃபூச்சுன் மலைக்காட்சி. 1350-இல் அதன் கடைசியில் குறிப்பு எழுதும்போது அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. அவருக்கு முந்நூறு வருடம் முன்னால், சோங் அரச வம்சத்துக் காலத்தில், ஃபான் குவான் என்ற ஓவியர் இரண்டு மீட்டர் உயரப் பட்டில் ஒரு மலையை நிறுத்தினார். அதன் அடிவாரத்தில் மனிதர்கள் எறும்பு மாதிரி. ஹுவாங் காலத்திலோ மங்கோலியர் ஆட்சி. படித்தவர்கள் பலர் அரண்மனைப் பக்கம் போகாமல் நண்பர்களுக்காக வரைந்தார்கள். மலையைவிடத் தூரிகை போன தடம் முக்கியமாகிவிட்டது. மை வற்றிய தூரிகையை இதோ இழுக்கிறேன். நடுநடுவே காகிதம் வெள்ளையாகத் தெரிகிறதா? அந்த வெள்ளையை அவர் நிரப்பாமல் விட்டார். எனக்கு அதுதான் பிடித்தது.

ஹுவாங் இந்தச் சுருளை வரைந்தது ஊயோங் என்ற தாவோ சமயத் துறவி நண்பருக்கு. யாராவது பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயந்து, முடிக்கும் முன்பே 'இது இவருக்கு' என்று எழுதி வாங்கிக்கொண்டார் மனிதர்! பயம் நியாயமானதுதான். கைமாறிக் கைமாறி ஊ ஹோங்யூ என்பவரிடம் வந்தது. 1650-இல் சாகும் தறுவாயில், தன்னோடு இதுவும் போகட்டும் என்று நெருப்பில் போடச் சொன்னார். அவருடைய சகோதரர் மகன் வேறொரு சுருளைத் தீயில் போட்டுவிட்டு இதை வெளியே இழுத்தார். அதற்குள் இரண்டு துண்டு. சின்னது, அரை மீட்டர், இன்று சீனாவின் ஹாங்சோவில். பெரியது, ஆறு மீட்டருக்கு மேல், தைவானின் தைப்பேயில். 2011-இல்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள்.

அப்புறம் சியன்லோங் பேரரசர் கதை. 1745-இல் அவருக்கு இந்த ஓவியத்தின் நகல் ஒன்று கிடைத்தது. அதையே அசல் என்று நம்பிவிட்டார். மறு வருடம் அசல் வந்தபோது, 'இது போலி' என்று அதன் மேலேயே எழுத வைத்தார். அதனால் அசல் அவர் கையிலிருந்து பிழைத்தது. பிடித்த ஓவியத்தில் எழுதாமல் அவருக்குக் கை நிற்காது. அந்த நகலில் ஐம்பதுக்கு மேல் குறிப்புகள். திரையில் போடுகிறேன், பாருங்கள். வானம் இருக்க வேண்டிய இடமெல்லாம் கையெழுத்து.