மூணு நாளா ஜுரம்

நேயர்களுக்கு வணக்கம். வேலூர் ஆஸ்பத்திரி வரிசையில் வங்காளத்துக்காரரும் நிற்பார், சித்தூர்க்காரரும் நிற்பார். டாக்டரும் வெளிமாநிலம் என்றால் இங்கிலீஷில்தான் பேசியாக வேண்டும். எத்தனை நாளாக ஜுரம் என்று கேட்டால் நம் ஆள் பட்டென்று சொல்வார்: "சின்ஸ் த்ரீ டேஸ்."

அங்கே சின்ஸ் வராது, ஃபார்தான் வரும். இந்தியில் ரெண்டுக்கும் ஒரே 'ஸே'தான். இந்திக்காரர் தடுமாறினால் நியாயம். நமக்கென்ன வந்தது? தமிழ் ரெண்டையும் பிரித்தேதான் வைத்திருக்கிறது. "திங்கட்கிழமையிலிருந்து ஜுரம்" என்றால் தொடங்கிய இடம்; அது சின்ஸ். "மூணு நாளா ஜுரம்" என்றால் நீளம், அது ஃபார். தமிழ்ச் சொல்லின் வாலைப் பிடியுங்கள். 'இலிருந்து' என்று முடிந்தால் சின்ஸ், 'ஆ' என்று முடிந்தால் ஃபார்.

எண் வந்தால் ஃபார் என்று ஒரு குறுக்குவழி சொல்வார்கள். நம்பாதீர்கள். நாலு மணியிலிருந்து வலி, நாலு மணி நேரமா வலி: ரெண்டிலும் நாலு இருக்கிறதே! முன்னது சின்ஸ், பின்னது ஃபார். மறுபடியும் வால்தான்.

வினைச்சொல்லிலும் ஒரு பள்ளம் உண்டு. "ஐ ஹேட் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்" என்றால் ஜுரம் வந்து போய்விட்டது என்றுதான் டாக்டர் எடுத்துக்கொள்வார். இன்னும் காய்கிறது என்றால், "ஐ ஹாவ் ஹேட் ஃபீவர்". ஹாவும் ஹேடும் அடுத்தடுத்து வருவது காதுக்கு விநோதம்தான். ஆனால் விடாத ஜுரத்தைச் சொல்வது அந்த ஜோடிதான்.

பை, டில் கதையும் இதேதான். ரிப்போர்ட் அஞ்சு மணிக்குள்ள வரும்: பை ஃபைவ். கவுண்டர் அஞ்சு மணி வரைக்கும் இருக்கும்: டில் ஃபைவ். "டில் ஃபைவ் பணம் கட்டு" என்றால், அஞ்சு மணி வரைக்கும் விடாமல் கட்டிக்கொண்டே இரு என்றாகிவிடும். எந்தப் பர்ஸ் தாங்கும்? 'உள்ளே' என்றால் பை, 'வரை' என்றால் டில்.

கடன் வாங்குவது பாரோ, கொடுப்பது லெண்ட். பேனா வேண்டுமா? "லெண்ட் மீ" என்று கேளுங்கள், "பாரோ மீ" இல்லை.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். லூஸ் ஒன்று மட்டும், சட்டென்று. தொளதொள சட்டைக்கான லூஸ் பாம்பு சீறுவதுபோல் முடியும். சாவியைத் தொலைப்பதற்கான லூஸ் வண்டு ரீங்காரம்போல் முடியும். தொண்டையில் விரல் வைத்துப் பாருங்கள், அதிரும். எழுதும்போது? சட்டைக்கு ரெண்டு ஓ. சாவியைத் தொலைத்தவர் ஒரு ஓவையும் தொலைத்துவிட்டார். வணக்கம்.