முதல் முப்பது நொடி

வணக்கம் நேயர்களே. சினிமா, பாட்டு, ஓடிடி எல்லாம் இப்போது எந்தப் பக்கம் போகிறது என்று பேச இந்த வானொலி நிலையத்தில் கூப்பிட்டார்கள். அது பெரிய கடல். நான் பாட்டு மிக்ஸிங் செய்கிற ஆள், அதாவது குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலந்து தருகிறவன், அதனால் என் மேசையில் அடிக்கடி நடக்கிற ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன். பாடகர் வாய் திறப்பதற்கு முன்னால் ஒரு முன்னிசை வருமே, ஸ்டுடியோவில் பிரிலூட் என்போம், அது கண்ணெதிரே காணாமல் போய்க்கொண்டிருக்கிறது.

போன வருடம் ஒரு பாட்டு வந்தது. தொடக்கத்தில் தனிப் புல்லாங்குழல், 24 நொடி. வாசித்தவர் ஐந்தாறு டேக் போனார். கடைசி டேக்கில் மேலே இருந்து இறங்கி வரும்போது மூச்சுக்காற்று லேசாகக் கேட்கும்படி விட்டார் பாருங்கள், அடுத்து வரப்போகிற பல்லவி சந்தோஷமானதா துக்கமானதா என்பதை அந்த ஒரு மூச்சே சொல்லிவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாக மிக்ஸ் முடித்து அனுப்பினேன். மறுநாள் பாட்டை வெளியிடுகிற தரப்பிலிருந்து போன். "நல்லா இருக்கு சார், ஆனா ஆறாவது செகண்டுல வாய்ஸ் வந்துடணும்." திரையில் அந்தக் குழலின் அலைவடிவம் ஒரு மலைச்சரிவு மாதிரி கிடந்தது. குறுக்கே ஒரு கோடு போட்டு 18 நொடியை எடுத்துவிட்டேன். அந்த மூச்சும் அதோடு போய்விட்டது.

கேட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஏனென்றால் கணக்கு அப்படி இருக்கிறது. இணையத்தில் பாட்டு கேட்கிற தளமான ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை 30 நொடியாவது கேட்டால்தான் அது ஒரு தடவை கேட்டதாகச் சேரும். 29-வது நொடியில் அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிட்டால் சேராது. 2024 முதல் இன்னொரு விதியும் வந்திருக்கிறது, முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடாத பாட்டுக்கு அங்கே ஒலிப்பதிவு ராயல்டியே கிடையாது. அதே தளத்தில் கேட்பவர்கள் பாட்டை எங்கே தள்ளுகிறார்கள் என்று 2014-இல் ஒருவர் எண்ணிப் பார்த்து வெளியிட்டார். ஏறக்குறைய நாலு தடவைக்கு ஒரு தடவை முதல் ஐந்து நொடிக்குள்ளேயே தள்ளிவிடுகிறார்களாம். இது தெரிந்த பிறகு எந்தத் தயாரிப்பாளருக்குத்தான் 24 நொடி குழலை விட தைரியம் வரும்?

அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். 1986-லிருந்து 2015 வரை அங்கே வெற்றிப் பாடல் பட்டியலில் முதல் பத்து இடத்துக்குள் வந்த பாடல்களை எடுத்து, குரல் எப்போது நுழைகிறது என்று அளந்திருக்கிறார்கள். தொடக்கத்தில் சராசரி 20 நொடிக்கு மேல், முடிவில் சுமார் ஐந்து நொடி. ஸ்ட்ரீமிங், அதாவது இணையத்திலேயே நேராகப் பாட்டு கேட்பது, வருவதற்கு முன்பே இந்தச் சரிவு தொடங்கிவிட்டது என்பதும் இதில் தெரிகிறது.

சரி, பாட்டு கேட்கிற கருவி பாட்டின் நீளத்தை வெட்டுவது புதிதா என்று கேட்கலாம். இல்லைதான். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுகிற பழைய இசைத்தட்டில், பத்து அங்குலத் தட்டு என்றால், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் இடம், பாட்டெல்லாம் அதற்குள் அடங்கியாக வேண்டும். 1948-இல் எல்பி என்கிற நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு வந்த பிறகுதான் கையைக் காலை நீட்ட முடிந்தது. ஆனால் அந்த மூன்று நிமிடத்தை எப்படிச் செலவழிப்பது என்று இசைத்தட்டு சொன்னதில்லை. ஒரு நிமிடம் வயலின் வாசித்துவிட்டுப் பாட்டைத் தொடங்கினாலும் தட்டுக்கு ஒன்றுமில்லை. இப்போது ஒவ்வொரு நொடியிலும் எத்தனை பேர் எழுந்து போனார்கள் என்ற வரைபடம் இசையமைப்பாளர் கைக்கே வருகிறது, அதைப் பார்த்துக்கொண்டே அவர் அடுத்த மெட்டைப் போடுகிறார். எனக்கு வலிப்பது அதுதான். சின்னப் பாட்டு மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, இரண்டு நிமிடத்தில் உயிரை உலுக்குகிற பாட்டு எத்தனையோ இருக்கிறது.

படத்திலும் தொடரிலும் இதே கதைதான். நெட்ஃபிளிக்ஸ் 2017-இல் தொடக்க இசையைத் தாண்டிப் போக ஒரு பொத்தான் கொண்டுவந்தது. 2022-இல் அவர்களே சொன்ன கணக்குப்படி ஒரு நாளைக்கு 13 கோடியே 60 லட்சம் தடவை அதை அழுத்துகிறார்கள். பத்து பாகத்தை ஒரே மூச்சில் பார்க்கிறவர் பத்து தடவையும் அதே இசையைக் கேட்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. முடிவில் நடப்பதுதான் தாங்கவில்லை. என்னோடு வேலை செய்கிற தம்பி ஒருவன், ஒலிப்பிரிவில் உதவியாளன், முதல் தடவையாக அவன் பெயர் ஒரு படத்தில் வந்தது. அவன் அம்மா கடைசி வரை உட்கார்ந்து பார்த்தார். பெயர்கள் மேலே ஏற ஆரம்பித்ததும் திரை சுருங்கி ஒரு மூலைக்குப் போய்விட்டது, வேறு ஏதோ படத்தின் முன்னோட்டம் கத்த ஆரம்பித்தது. ரிமோட்டை யார் வைத்திருக்கிறார்கள் என்று தேடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மறுபடி ஓட்டி, நிறுத்தி, "இதோ பாரும்மா" என்று காட்டினான்.

அந்தத் திரை சுருங்கும்போது கிரெடிட்ஸைப் பார்க்க என்று ஒரு பொத்தான் வரும், அதை அழுத்தினால் முழுத் திரையும் திரும்பி வரும். அமைப்புகளுக்குள் போய் அடுத்தது தானாக ஓடுவதையும் நிறுத்தி வைக்கலாம். ஸ்பாட்டிஃபையில் பாட்டின் பக்கத்தில் இருக்கிற மூன்று புள்ளியைத் தொட்டு, அதில் கிரெடிட்ஸ் என்பதைத் தொட்டால் எழுதியவர், இசையமைத்தவர் பெயர்கள் கிடைக்கும். தயவுசெய்து ஒரு தடவை தொட்டுப் பாருங்கள்.

வானொலியில் இருந்துகொண்டு இதைப் பேசுவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. முன்னிசை ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அறிவிப்பாளர் பாடியவர் பெயரையும் எழுதியவர் பெயரையும் இசையமைத்தவர் பெயரையும் சொல்லி முடிப்பார், சரியாகப் பல்லவி தொடங்கும். அந்த இருபது நொடியில்தான் எனக்கு அத்தனை கவிஞர்களையும் தெரிந்தது. முன்னிசை போனபோது பெயர் சொல்ல இருந்த இடமும் சேர்ந்து போய்விட்டது.

வெட்டாத அந்த 24 நொடி என் ஹார்ட் டிஸ்கில் அப்படியே இருக்கிறது. இசையமைப்பாளரிடமும் வாசித்தவரிடமும் கேட்டேன், இரண்டு பேரும் சரி என்றார்கள், நிலையத்தாரும் ஒத்துக்கொண்டார்கள். முதலில் குழல் வாசித்தவரின் பெயரை அறிவிப்பாளர் சொல்வார். அப்புறம் முழுசாகக் கேளுங்கள், பதினைந்தாவது நொடிக்குப் பக்கத்தில் அந்த மூச்சு வரும்.