சொன்னவர் பெயரையும் படியுங்கள்

(கோத்தகிரியில் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, மலைமேலிருந்தும் கீழ்நாட்டிலிருந்தும் வந்திருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

நீலகிரிப் பழங்குடிகளைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். அதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த அவையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே, அவர்களைப் பற்றி எழுதியவர்களைப் பற்றி நான் பேசிவிட்டுப் போகிறேன்.

சென்னைக்குப் போனால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் நீலகிரிப் பானைகளைப் பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது போல உயர்ந்து நிற்கும் தாழிகள். பானையைவிட மூடிதான் அழகு. மூடியின் உச்சியில் ஒன்றில் கொம்பு வளைந்த எருமை இருக்கும், இன்னொன்றில் மயில், வேறொன்றில் குதிரைமேல் ஓர் ஆள். இவையெல்லாம் நம் மலைமுகடுகளில் இருக்கிற பழங்கால ஈமச் சின்னங்களான கல்வட்டங்களையும் கற்குவைகளையும் தோண்டி எடுத்தவை. கூடவே இரும்பு ஈட்டிமுனை, வெண்கலக் கிண்ணம், தங்க நகை, மணிகள். இவற்றில் பெரும்பகுதியைத் தோண்டிச் சேர்த்தவர் ஜேம்ஸ் வில்கின்சன் ப்ரீக்ஸ், நீலகிரியின் முதல் கமிஷனர். 1872-இல் இறந்துபோனார். அவர் எழுதி வைத்திருந்த நூலை அவருடைய மனைவி 1873-இல் வெளியிட்டார்.

அந்தக் காலத்து அறிஞர்களைக் குடைந்த கேள்வி ஒன்றுதான்: இந்த ஈமக் குழிகள் யாருடையவை? ப்ரீக்ஸுக்கு முன்பே, 1847-இல், கேப்டன் காங்கிரீவ் என்பவர் இவை இம்மலைப் பழங்குடியான தோடர்களுடையவை என்று எழுதிவிட்டார். அதோடு நின்றாரா என்றால் இல்லை. தோடர்கள் மத்திய ஆசியாவிலிருந்து வந்த சித்தியர்கள் என்றும் முடிவு கட்டினார். தோடர்களைக் கேட்டால், "இவை எங்களுடையவை அல்ல" என்றார்கள். தோண்டும்போது தடுக்கவும் இல்லை. பானை மூடியில் எருமை இருக்கிறது, தோடர்கள் எருமை வளர்ப்பவர்கள், சரி. ஆனால் ஈட்டியும் குதிரை வீரனும் எங்கிருந்து வந்தன? தோடர்களிடம் ஆயுதம் ஏந்தும் வழக்கமே கிடையாதே! இதற்கு நேரான பதில் வரவில்லை. கல் பேசாது, எனவே அதன் சார்பில் யார் வேண்டுமானாலும் பேசலாம் என்றாகிவிட்டது. அவசரமாகத் தோண்டியதில் பானை கிடைத்தது; எந்த மண்ணடுக்கில் எது கிடந்தது என்ற கணக்குதான் போய்விட்டது.

அடுத்து வந்தவர் டபிள்யூ. ஹெச். ஆர். ரிவர்ஸ். மருத்துவம் படித்தவர், 1901-02-இல் இங்கே வந்து தோடர்களிடையே வேலை செய்தார். அவருடைய நூல் 1906-இல் வந்தது. அவர் செய்த பெரிய காரியம் வம்சாவளி எடுத்தது. 1901 கணக்கெடுப்பில் தோடர்கள் 807 பேர்தான். ஏறக்குறைய அத்தனை குடும்பத்துக்கும் தலைமுறை தலைமுறையாக யார் மகன் யார், யாரை மணந்தார் என்று எழுதி எடுத்துவிட்டார். இதில் ஒரு சிக்கல் இருந்தது. செத்துப்போன உறவினரின் பெயரைத் தோடர் வாயால் சொல்லக் கூடாது. அதனால் ஒரு குடும்பத்தின் வம்சாவளியை அந்தக் குடும்பத்தாரிடம் கேட்க முடியாது, வேறு குடும்பத்துக்காரரிடம்தான் கேட்க வேண்டும். மானிடவியல் வகுப்பில் இன்று 'வம்சாவளி முறை' என்று பாடமாகப் படிக்கிறீர்களே, அது இங்கே பக்கத்து மந்துக்காரரின், அதாவது பக்கத்துத் தோடர் குடியிருப்புக்காரரின், நினைவாற்றலை நம்பி நடந்த வேலை.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு மறக்க முடியாதது. தோடர்கள் கோயிலாகவே போற்றும் பால்மனையின் சடங்குகளைப் பற்றிய உள்விவரங்களை ரிவர்ஸுக்குச் சொன்னவர்களுக்கு அடுத்தடுத்துத் துன்பம் வந்தது. ஒருவர் நோயில் விழுந்தார், இன்னொருவரின் மனைவி இறந்தார். அந்நியனிடம் ரகசியத்தைச் சொன்னதால் வந்த தெய்வக் கோபம் இது என்று குறிசொல்பவர்கள் சொன்னார்கள். அதன் பிறகு பலர் வாயை மூடிக்கொண்டார்கள். இதை ரிவர்ஸே மறைக்காமல் எழுதியிருக்கிறார், அந்த நேர்மைக்கு வணக்கம். ஆனால் கணக்குப் பாருங்கள்: நூல் அவருக்கு, பயம் அவர்களுக்கு.

1930-களில் இரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகக்காரர்கள் இம்மலையின் இன்னொரு பழங்குடியான கோத்தர்களிடம் வந்தார்கள். மொழிக்காக எமனோ, சமூக வாழ்க்கைக்காக டேவிட் மாண்டல்பாம். இருவருக்கும் கிடைத்த ஆள் ஒருவர்தான், கொல்லிமலைக் கோக்கால் என்ற கோத்தர் ஊரைச் சேர்ந்த சுல்லி. (நாமக்கல் கொல்லிமலை இல்லை, நம்முடையது.) ஆங்கிலம் தெரிந்தவர், பள்ளி ஆசிரியர். ஊரே முடி வளர்த்துக் கொண்டை போட்டிருந்த காலத்தில் முடியை வெட்டிக்கொண்டு ஊராரின் வசவை வாங்கிக் கட்டிக்கொண்டவர். எமனோ 1944 முதல் 1946 வரை வெளியிட்ட கோத்தர் மொழிக் கதைத் தொகுதிகள் பெரும்பாலும் சுல்லி சொல்லச் சொல்ல எழுதியவை. மாண்டல்பாம் 1960-இல் அவரைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். உலகம் கோத்தர் மொழியை அறிந்தது சுல்லியின் வாயால். அட்டையில் யார் பெயர் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எமனோவைக் குறை சொல்ல வரவில்லை. அவர் எழுதி வைக்காவிட்டால் நமக்கு எதுவும் மிஞ்சியிருக்காது. நான் சொல்வது, நீங்கள் அந்த நூல்களை எடுத்தால் முதலில் முன்னுரையைப் படியுங்கள். யார் சொன்னார், எந்த ஊர்க்காரர், ஆணா பெண்ணா, எந்த மொழியில் பேசினார் என்று குறித்துக்கொண்டு பிறகு உள்ளே போங்கள். 'கோத்தர்கள் இப்படி நம்புகிறார்கள்' என்ற வாக்கியம் பல சமயம் 'சுல்லி இப்படிச் சொன்னார்' என்பதுதான். சீர்திருத்தம் பேசிய, படித்த ஓர் ஆணுக்குத் தெரிந்ததும் அவர் சொல்ல விரும்பியதும் அதில் இருக்கும். மற்றது இருக்காது.

ஓர் உதாரணம் சொல்லிவிட்டு உட்காருகிறேன். கோத்தர்களில் கொல்லு வேலை ஆண்களுடையது, பானை வனைவது பெண்களுடையது. மண் எடுப்பது, பிசைவது, சூளை வைப்பது எல்லாம் அவர்கள் கைப்பட்ட வேலை. எழும்பூர் மூடிகளைப் பற்றி நூறு ஆண்டுக்கு மேலாகக் கட்டுரைகள் வருகின்றன. இங்கே தொல்லியல் படிக்கிறவர்கள் இருக்கிறீர்கள். அந்த மூடிகளின் படங்களை எடுத்துக்கொண்டு போய், அனுமதி கேட்டு, பானை செய்யத் தெரிந்த ஒரு பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். "இந்தக் கழுத்தை இப்படி நிறுத்த எந்த மண் வேண்டும் பாட்டி, இது சூளையில் வெடிக்காமல் எப்படி வந்திருக்கும்?" என்று கேளுங்கள். பதிலை எழுதும்போது, அவர் சம்மதித்தால், அவர் பெயரை அட்டையிலேயே போடுங்கள்.