16 அடி ஃபைபர் படகுக்கு எத்தனை ஹெச்பி மோட்டார்? நாகமரைப் பக்கமிருந்து வந்த கேள்விக்கு விளக்கம்

வணக்கம்ங்க. இன்னைக்கு ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கறோம், ஏன்னா இதுக்குள்ளயே நாலஞ்சு கேள்வி இருக்கு. பென்னாகரம் வட்டம், நாகமரைப் பக்கத்துல இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காரு. அவர்கிட்ட 16 அடி ஃபைபர் படகு இருக்கு, அடி தட்டை. மேட்டூர் அணைத் தண்ணியில வலை விடுறதுக்கும், அக்கரை பண்ணவாடிக்குப் போய் வர்றதுக்கும் இப்ப துடுப்புதான் போடுறாரு. மோட்டார் மாட்டலாம்னு விசாரிச்சா, ஒருத்தர் 9.9 ஹெச்பி போடு, பறக்கும்ங்கறாராம். இன்னொருத்தர் பேட்டரி மோட்டாரே போதும்ங்கறாராம். இதுக்கு நடுவுல கடற்கரைப் பக்கமிருந்து வந்த பழைய டூ ஸ்ட்ரோக் (பெட்ரோல்லயே ஆயில் கலந்து ஓட்டறது) 8 ஹெச்பி ஒண்ணு, லாங் ஷாஃப்ட், அதாவது புரொப்பல்லர் வரைக்கும் கீழ இறங்கற தண்டு நீளமானது, கம்மி விலைக்கு வருதாம். எதை வாங்கறதுன்னு கேக்கறாரு.

அண்ணா, பதிலை முதல்லயே சொல்லிடறேன். உங்க படகுக்கு 5 அல்லது 6 ஹெச்பி ஃபோர் ஸ்ட்ரோக் (ஆயிலைத் தனியா ஊத்தறது), பிட்ச் கம்மியான புரொப்பல்லரோட. பிட்ச்னா என்னன்னு கீழ சொல்றேன். ஷாஃப்ட் நீளம் உங்க பின்பலகையை அளந்த பிறகுதான். அந்தப் பழைய 8 ஹெச்பிக்கு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி டேப்பை எடுத்துட்டுப் போய் படகை அளந்துடுங்க.

எல்லாரும் ஹெச்பியில ஆரம்பிக்கறாங்க. ஆனா அதைக் கடைசியா முடிவு பண்ணணும். முதல்ல அளவு. மோட்டாரோட கொக்கி உக்கார்ற இடம், அதாவது பின்பலகையோட மேல் விளிம்பு, அதோட நடு மையத்துல டேப்பை வைங்க. அங்கிருந்து நேர் கீழ படகோட அடி வரைக்கும் செங்குத்தா அளங்க. பலகை சாஞ்சிருந்தா சாய்வு மேலயே டேப்பை ஓட்டாதீங்க, ஒரு மட்டப்பலகையை அடியோட சேத்து வச்சு, நேர் உயரத்தை எடுங்க. 38 சென்டிமீட்டர், அதாவது 15 இன்ச் பக்கம் வந்தா ஷார்ட் ஷாஃப்ட். 51 சென்டிமீட்டர், 20 இன்ச் பக்கம் வந்தா லாங் ஷாஃப்ட். மோட்டாரை மாட்டின பிறகு, புரொப்பல்லருக்கு நேர் மேல அகலமா ஒரு தட்டு இருக்கும் பாருங்க, அந்தத் தட்டு படகு அடியோட சமமா இருக்கணும், இல்ல ஒரு இன்ச் கீழ இருக்கணும். அவ்வளவுதான் கணக்கு.

இது தப்பினா என்ன ஆகும்? 20 இன்ச் பலகையில ஷார்ட் ஷாஃப்ட் போட்டா புரொப்பல்லர் தண்ணி மேல்மட்டத்துக்குப் பக்கத்துல சுத்தும், காத்தை இழுக்கும். எஞ்சின் வீல்னு கத்தும், படகு நகராது. கூலிங் தண்ணிக்கான வாயும் அலையில வெளிய வந்துடும், சூடேறும். 15 இன்ச் பலகையில லாங் ஷாஃப்ட் போட்டா 5 இன்ச் ஆழம் கூட. கடல்ல அது பெரிசா தெரியாம போகலாம். மேட்டூர்ல அப்படி இல்ல. நீர்மட்டம் 120 அடியில நிக்கும்போது எல்லாம் சரிதான். தண்ணி இறங்க இறங்க பண்ணவாடிப் பக்கம் முங்கின கோயிலோட நந்தி சிலையே வெளிய தெரிய ஆரம்பிக்குது இல்லையா? அந்த மாதிரி பழைய கட்டடம், பாறை, மரக்கட்டை எல்லாம் தண்ணிக்கு அடியில கிடக்கு. அங்க 5 இன்ச் கூடுதல் ஆழம்னா தினமும் அடி வாங்கும். அதனால அந்தப் பழைய மோட்டார் லாங் ஷாஃப்ட், உங்க பலகை 15 இன்ச்னா, விலை எவ்வளவு கம்மியா இருந்தாலும் விட்டுடுங்க. பலகை மேல கட்டை வச்சு உயர்த்திக்கலாம்பாங்க. மோட்டார் உந்தற விசை முழுக்க அந்தக் கட்டையோட போல்ட்டுல விழும், ஃபைபர் பலகை விரிசல் விடும்.

சரி, இப்ப ஹெச்பிக்கு வரலாம். உங்க படகு வெறும் எடை 170 கிலோன்னு வைங்க. நாலு பேரு 250 கிலோ, வலை, ஐஸ் பெட்டி, மீன், மோட்டார், பெட்ரோல் எல்லாம் சேத்து 130. மொத்தம் 550 கிலோ. தண்ணியைக் கிழிச்சுட்டுப் போற படகுக்கு ஒரு வேக எல்லை உண்டு, அது நீளத்தைப் பொறுத்தது. தண்ணியைத் தொடற நீளத்தை மீட்டர்ல எடுத்து, அதுக்கு வர்க்கமூலம் போட்டு, 4.5ஆல பெருக்குங்க. உங்க 16 அடி படகுல தண்ணியைத் தொடறது 14 அடி, 4.3 மீட்டர்னு வச்சா மணிக்கு 9 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல வரும். அந்த வேகத்துக்கு அமைதியான தண்ணியில 2, 3 ஹெச்பியே போதும். ஆடி மாசக் காத்துல அகலமான இடத்துல எதிர்க்காத்து, அலை ரெண்டையும் தாங்கிக் கரை சேரணும்னா அதுல ஏறக்குறைய ரெட்டிப்பு வேணும். அதனாலதான் 5, 6ங்கறேன்.

அந்த எல்லையைத் தாண்டணும்னா படகு தண்ணி மேல ஏறிச் சறுக்கணும். அதுக்கு ஒரு தோராயக் கணக்கு, ஒரு ஹெச்பிக்கு 20, 25 கிலோவுக்கு மேல எடை இருக்கக்கூடாது. உங்க 550 கிலோவை 9.9ஆல வகுத்துப் பாருங்க, 55 வருது. ஏறாது. பின்பக்கம் அமுங்கும், மூக்கு தூக்கும், பெரிய அலையைத் தள்ளிக்கிட்டு ஏறக்குறைய அதே வேகத்துலதான் போகும். பெட்ரோல் மட்டும் கூடப் போகும். ஃபோர் ஸ்ட்ரோக்குல முழு திராட்டில் குடுத்தா ஒரு ஹெச்பிக்கு மணிக்கு 300, 350 மில்லின்னு வச்சுக்கலாம். 6 ஹெச்பி 2 லிட்டர் பக்கம், 9.9 மூணு லிட்டருக்கு மேல. பறக்கும்னு சொன்னவரு ஒரே ஆளு, காலி படகுன்னு நினைச்சுச் சொல்லியிருப்பாரு.

எடையையும் பாருங்க. 6 ஹெச்பி ஃபோர் ஸ்ட்ரோக் 25, 27 கிலோ. 9.9 ஃபோர் ஸ்ட்ரோக் 40 கிலோ பக்கம். மோட்டாரைப் படகுலயே விட்டுட்டு வர முடியாது, திருட்டு பயம். கோடையில தண்ணி எவ்வளவு தூரம் உள்வாங்கும்னு உங்களுக்கே தெரியும். அந்தச் சேத்துல 40 கிலோவைத் தினமும் ரெண்டு வேளை தூக்கறதைக் கணக்குல வைங்க. இன்னொண்ணு, பல கம்பெனியில 4, 5, 6 ஹெச்பி மூணும் ஒரே சிலிண்டர் அளவு, ஒரே எடைதான். விலை வித்தியாசம் கம்மியா இருந்தா 6ஐ எடுங்க. ஆனா படகு கட்டினவர்கிட்ட பின்பலகை எத்தனை ஹெச்பி தாங்கும்னு கேட்டுட்டு எடுங்க.

புரொப்பல்லரைப் பத்தி யாரும் கேக்கறதே இல்ல, எனக்கு அதுல வருத்தம். பிட்ச்ங்கறது ஒரு சுத்துக்குப் புரொப்பல்லர் எவ்வளவு தூரம் முன்னேறணும்ங்கற அளவு. புது மோட்டாரோட பெரும்பாலும் லேசான படகுக்கான பிட்ச்தான் வரும். பாரம் ஏத்தற படகுக்கு அது டிராக்டரை டாப் கியர்ல போட்டு ஏர் பூட்டற மாதிரி. எஞ்சின் திணறும், கரி பிடிக்கும், பிளக் கருக்கும். 6 ஹெச்பி வகைக்கு 8, 9 இன்ச் பிட்ச் வந்தா, 6 அல்லது 7 இன்ச் பிட்ச் கேட்டு மாத்திக்குங்க. சரியா இருக்கான்னு பாக்க, எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து (ஆர்பிஎம்) சுத்துதுன்னு காட்டற, பிளக் வயர் மேல சுத்திக் கட்டற சின்ன டேக்கோமீட்டர் கிடைக்குது. முழுப் பாரத்தோட, முழு திராட்டில்ல ஓட்டுங்க. கையேட்டுல போட்டிருக்கிற ஆர்பிஎம் எல்லைக்குள்ள, அதுலயும் மேல் பாதியில நிக்கணும். இந்த வகையில பலதுக்கு அது 5000ல இருந்து 6000க்குள்ள இருக்கும். கீழ நின்னா பிட்ச் அதிகம். எல்லையைத் தாண்டினா பிட்ச் கம்மி.

பேட்டரி மோட்டார். 12 வோல்ட், 55 பவுண்டு இழுவைன்னு விக்கறது முழு வேகத்துல 50 ஆம்பியர் பக்கம் இழுக்கும். அது 600 வாட், ஒரு ஹெச்பி கூடக் கிடையாது. 100 ஆம்பியர் மணி லெட் ஆசிட் பேட்டரியில பாதிக்கு மேல இறக்கினா பேட்டரி சீக்கிரம் செத்துடும், அப்ப ஒரு மணி நேரம்தான். பேட்டரி எடையே 30 கிலோ. கரையோரமா, காத்து இல்லாத நேரத்துல, தூண்டில் போடறவங்களுக்கு அருமையான பொருள், சத்தமே இருக்காது. கிருஷ்ணகிரி அணை ஓரம் மாதிரி கொஞ்ச தூரத்துக்குச் சரி. நாகமரையில இருந்து பண்ணவாடி போற வழியில காத்து திரும்பினா நடுத்தண்ணியில நிப்பீங்க. உங்களுக்கு வேண்டாம்.

பழசு வாங்கற மத்தவங்களுக்கும் சேத்துச் சொல்றேன். கடற்கரையில ஓடின மோட்டார்னா முதல்ல கேக்க வேண்டியது, பெட்ரோல்ல ஓடினதா, மண்ணெண்ணெய்லயா. மண்ணெண்ணெய் மாடலோட கம்ப்ரெஷனே வேற, உள்ள கரியும் அதிகம். அடுத்து, கீழ் கியர் பெட்டியில ரெண்டு ஸ்குரூ இருக்கும். கீழ் ஸ்குரூவைக் கொஞ்சமா தளத்தி ரெண்டு சொட்டு ஆயிலை விரல்ல எடுங்க. தேன் நிறமோ கருப்போ இருந்தா பரவாயில்ல. பால் காப்பி மாதிரி வெளுத்திருந்தா சீல் போயி தண்ணி உள்ள இறங்கியிருக்கு. முதல்ல தண்ணியே வந்து, அப்புறம் ஆயில் வந்தாலும் அதேதான். இரும்புத்தூள் மின்னினா கியர் தேஞ்சிருக்கு, விட்டுடுங்க. புரொப்பல்லரைக் கழட்டி, ஷாஃப்ட்டுல நரம்பு சுத்தியிருக்கான்னு பாருங்க. வலை நரம்புதான் அந்த சீலை அறுக்கற முதல் எதிரி. நீங்க வலைக்கு நடுவுலயே ஓட்டறவரு, அதனால மாசம் ஒரு தடவை புரொப்பல்லரைக் கழட்டிப் பாக்கறதைப் பழக்கமாக்கிக்குங்க. டிரம்முல தண்ணி ரொப்பி ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. பின்பக்கம் ஒரு ஓட்டையில இருந்து தண்ணி விடாம பீச்சணும். தண்ணி இல்லாம ஒரு நிமிஷம் கூட ஓட்ட விடாதீங்க, உள்ள கூலிங் தண்ணியை ஏத்தற ரப்பர் இம்பெல்லர் கருகிடும்.

இம்பெல்லருக்கு இன்னொரு எதிரி சேறு. தண்ணி இறங்கின காலத்துல, ஆழமில்லாத இடத்துல மோட்டாரைப் போட்டுக் கலக்கினா மண் உள்ள போயி இறக்கை தேயும். கரையில இருந்து துடுப்பால ரெண்டு, மூணு ஆள் ஆழத்துக்குத் தள்ளிட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க. ஆகாயத்தாமரைக்குள்ள போக வேண்டியிருந்தாலும் மோட்டாரைத் தூக்கிட்டுத் துடுப்புலயே போங்க. பீச்சற தண்ணி மெலிஞ்சா உடனே நிறுத்துங்க.

கட்டையில அடிச்சா? முன்னோக்கி ஓடும்போது மோட்டார் தானா மேல எகிறணும், அதுக்குத்தான் அந்த அமைப்பு. ரிவர்ஸ் லாக், அதாவது பின்னால ஓட்டும்போது மோட்டார் எகிறாம பிடிக்கற பூட்டு, அதைப் போட்டபடியே முன்னால ஓட்டினா எகிறாது, அடி முழுக்க கியர் பெட்டிக்கும் பின்பலகைக்கும் போகும். சின்ன மோட்டார் சிலதுல புரொப்பல்லருக்குள்ள ஷியர் பின்னு ஒண்ணு இருக்கும். அடி விழுந்தா அது உடைஞ்சு கியரைக் காப்பாத்தும். உடைஞ்ச இடத்துல அவசரத்துக்கு இரும்பு ஆணியை வெட்டிப் போட்டுடறாங்க. அடுத்த அடியில ஆணி உடையாது, கியர் உடையும். கம்பெனி பின்னு நாலு, ஸ்பிளிட் பின்னு நாலு, ஒரு கட்டிங் பிளேயர், படகுலயே ஒரு டப்பாவுல வச்சுக்குங்க.

பெட்ரோலும் ஒரு பிரச்சினை. இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பெரும்பாலான மோட்டார் கையேட்டுல 10 சதவீதம் வரைக்கும்தான் அனுமதி போட்டிருக்கும், வாங்கும்போது டீலர்கிட்ட இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்குங்க. எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். ரொம்ப நாள் ஓட்டலன்னா கார்புரேட்டர்ல அடியில தண்ணி தங்கி, பெட்ரோல் போற சின்ன ஓட்டை, அதாவது ஜெட், அடைச்சுக்கும். வேலை முடிஞ்சு பல நாள் ஓட்டப்போறதில்லைன்னா, பெட்ரோல் டேப்பை மூடிட்டு எஞ்சின் தானா நிக்கற வரைக்கும் தண்ணிக்குள்ளயே ஓட விடுங்க. அப்புறம் கார்புரேட்டர் அடியில இருக்கிற ஸ்குரூவைத் திறந்து மிச்சத்தை வடிச்சுடுங்க. டூ ஸ்ட்ரோக் வாங்கினீங்கன்னா பெட்ரோல்ல ஆயில் பெரும்பாலும் 50க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி, டிசி டபிள்யூ 3ன்னு போட்ட ஆயில். பைக் ஆயில் வேண்டாம். ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு முதல் எஞ்சின் ஆயில் 20 மணி நேரத்துல மாத்தணும், அப்புறம் 100 மணிக்கு ஒரு தடவை. பெட்ரோலை விட இந்த முதல் ஆயிலைத்தான் நிறைய பேரு மறக்கறாங்க.

ஒகேனக்கல் பக்கமிருந்து ரெண்டு பேரு பரிசல்ல மோட்டார் மாட்டலாமான்னும் கேட்டிருக்காங்க. முடியாது, மாட்டவும் கூடாது. வட்டமான பரிசலுக்குப் பின்பக்கம்னு ஒண்ணு கிடையாது, நேராப் பிடிச்சு நிறுத்த அடிக்கட்டையும் இல்ல. ஒரு பக்கம் தள்ளினா சுத்தும், விளிம்புல 20 கிலோ தொங்கினா சாயும். அங்க பாறையும் சுழலும் வேற.

மாட்டும்போது கொக்கி ஸ்குரூ ரெண்டையும் கையால இறுக்கி, பத்து நிமிஷம் ஓட்டிட்டு மறுபடி இறுக்குங்க, அதிர்வுல தளரும். அது போக மோட்டாரையும் படகையும் ஒரு கயித்தால தனியா கட்டிடுங்க. சிவப்புச் சுருள் கயிறு ஒண்ணு வரும், அதைக் கையில மாட்டாம ஸ்டார்ட் பண்ணாதீங்க. நீங்க தண்ணியில விழுந்தா படகு உங்க மேலயே திரும்பி வராம நிறுத்தறது அதுதான். நாலு பேருக்கும் லைஃப் ஜாக்கெட். மோட்டார் மாட்டின படகு 2021 உள்நாட்டுக் கப்பல் சட்டத்துக்குள்ள வரும், பதிவு வேணும். அணை நீர்வளத் துறையோடது, மீன்பிடி உரிமம் மீன்வளத் துறையோடது. மோட்டாருக்குப் பணம் கட்டறதுக்கு முன்னாடி ரெண்டு ஆபீசுலயும் கேட்டு, எழுத்துல வாங்கிக்குங்க. பில் போடும்போதே இம்பெல்லர் ரெண்டு, பிளக் ரெண்டு, புரொப்பல்லர் சீல் ஒண்ணு சேத்து வாங்கிடுங்க. டீலருங்க பெரும்பாலும் கடற்கரை ஊர்கள்லதான் இருக்காங்க, ஒரு ரப்பர் துண்டுக்காக அவ்வளவு தூரம் அலைய வேண்டாம்.