ஓட்டுப் போட்டாச்சா?

(தேசிய வாக்காளர் தினத்தையொட்டித் தருமபுரியில் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரி 25 வந்தால் உறுதிமொழி வாசிப்போம், டீ குடிப்போம், கலைவோம். இன்றைக்கு உறுதிமொழி முடிந்துவிட்டது. மிச்ச நேரத்தில் இரண்டே சொல்லைப் பற்றிப் பேசுகிறேன். ஒன்று ஓட்டு, இன்னொன்று வாக்கு.

தேர்தல் அன்றைக்குப் பாலக்கோட்டில் யாராவது எதிரே வந்தால் "ஓட்டுப் போட்டாச்சா?" என்றுதான் கேட்பார். "வாக்களித்துவிட்டீர்களா?" என்று ஒருவரும் கேட்பதில்லை. வாக்கு சுவரொட்டியில் இருக்கிறது, செய்தி வாசிப்பில் இருக்கிறது. வாயில் இருப்பது ஓட்டு.

ஓட்டு ஆங்கிலச் சொல்தானே, விட்டுவிடலாமே என்று சில நண்பர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 'வோட்' என்று வந்ததை நம் நாக்கு ஓட்டு ஆக்கிக்கொண்டது. சொல்லின் தொடக்கத்தில் வகரத்தோடு உ, ஊ, ஒ, ஓ என்ற நான்கு உயிரும் சேர்ந்து வராது என்கிறது தொல்காப்பியம். அந்த நூற்பாவைக் கண்ணால் பார்க்காத பாட்டியும் அதன்படியே பேசினார். ஓசூர்ப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளிலும் வகரம் போய்விட்டது. எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனால் கன்னடத்தில் 'மததான' என்று எழுதியிருப்பார்கள். மதத்தை எப்படித் தானம் கொடுப்பது என்று நமக்குத் திகைப்பாக இருக்கும். அங்கே மதம் என்றால் கருத்து என்றும் பொருள். நம்முடைய 'சம்மதம்' என்ற சொல்லில் அந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. அப்புறம், வாக்கு மட்டும் என்ன, வடமொழியிலிருந்து வந்ததுதானே! வந்த வழியை வைத்து ஒரு சொல்லைத் தள்ளக் கூடாது. அது நம்மிடம் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஓட்டைப் 'போடு'கிறோம். முதல் பொதுத்தேர்தலில், 1951-52ல், ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியில் சின்னம் ஒட்டியிருக்கும். சீட்டில் முத்திரை குத்துகிற வேலை கிடையாது. பிடித்தவரின் பெட்டியில் சீட்டைப் போட்டால் முடிந்தது. இப்போது பெட்டி போய்ப் பொத்தான் வந்துவிட்டது. ஆனாலும் "ஓட்டு அழுத்தினேன்" என்று யாரும் சொல்வதில்லை. கை செய்த வேலையை அந்தச் சொல் விடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

வாக்கு அப்படி இல்லை. அது வாயிலிருந்து வருவது. கோயிலில் வாக்குக் கேட்கிறோம், நீதிமன்றத்தில் வாக்குமூலம் கொடுக்கிறோம். மாட்டுச் சந்தையில் ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டால், பின்னால் வருகிறவர் ஐயாயிரம் கூடுதலாக நீட்டினாலும் நம் பெரியவர்கள் தலையாட்ட மாட்டார்கள். "வாக்குக் கொடுத்துட்டேனேப்பா" என்பார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும். வேட்பாளர் நமக்குக் கொடுப்பது வாக்குறுதி, நாம் அவருக்குக் கொடுப்பது வாக்கு. இரண்டு பக்கமும் ஒரே சொல் நிற்கிறது பாருங்கள். 'அளித்தல்' என்ற வினையும் லேசானதல்ல. அரசன் குடிகளுக்குக் காட்டும் அருளுக்குப் பழைய நூல்களில் அளி என்றே பெயர். அதியமான் ஆண்ட இந்தத் தகடூரில் இன்றைக்கு அளிக்கிற இடத்தில் இருப்பவர்கள் நாம்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஓட்டுக்குப் பணம் என்ற வியாபாரம் இந்தச் சொல்லின் மேல்தான் நடக்கிறது. பணத்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா போவதில்லை, சத்தியம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். எங்கள் தெருவிலேயே ஓர் அம்மா, "கை நீட்டி வாங்கிட்டேன், மாத்திப் போட்டா சாமிக்கு ஆகாது" என்றார். நல்ல மனுஷி. சந்தையில் வாக்குத் தவறாத குடும்பம். அந்த நாணயத்தைத்தான் அவர்கள் விலைக்கு வாங்குகிறார்கள். முந்தின ராத்திரி அடுப்படியிலேயே வாக்கு போய்விடுகிறது. மறுநாள் சாவடியில் விழுவது வெறும் ஓட்டு. அந்த அம்மாவிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம், ஓராண்டு வரை சிறை உண்டு. குற்றத்தின் பேரில் வாங்கிய சத்தியம் யாரையும் கட்டாது. யாருக்குப் போட்டாய் என்று உங்களைக் கட்டாயப்படுத்திக் கேட்கவும் ஒருவருக்கும் உரிமை இல்லை.

வாக்கு என்றால் பேச்சு என்றேன். ஆனால் சாவடிக்குள் வாக்காளர் பேசுவதே இல்லை. அங்கே சத்தமாகக் கேட்பது ஒன்றே ஒன்று, அவருடைய பெயர். வேட்பாளர்களின் முகவர்கள் காதில் விழும்படி முதல் வாக்குப்பதிவு அலுவலர் அதைப் படிக்க வேண்டும். முதல் பொதுத்தேர்தலில் ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. பெரும்பாலும் வட மாநிலங்களில். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய அம்மா என்றே சொன்னார்கள், சொந்தப் பெயரைச் சொல்லவில்லை என்பதுதான் காரணம்.

பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்குக் கழுதை முதுகில் வாக்கு இயந்திரம் ஏறிய கதை உங்களுக்குத் தெரியும். அதே தாலுகாவில், வேறொரு மலையடிவாரப் பள்ளிக்கூடத்தில், ஒரு தேர்தலில் நான் முதல் அலுவலராக உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். எழுபது வயதுக்கு மேல் ஓர் அம்மா வந்தார். சீட்டை வாங்கி வரிசை எண்ணையும் பெயரையும் படித்தேன். அவர் அசையவில்லை. காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன். பக்கத்திலிருந்த முகவர், "ஊர்ல பெரியவன் அம்மான்னுதான் சார் கூப்புடுவாங்க" என்றார். அந்த அம்மா மேசைக்குப் பக்கத்தில் குனிந்து, "இன்னொருக்கா படி சாமி" என்றார்.

படித்தேன்.

"நான்தான்" என்று சொல்லி, மை வைக்க இடது கையை நீட்டினார்.