ரத்தம் குறைந்த உடலுக்குக் காய்ச்சல் ஏன் ஆகாது?

நேயர்களுக்கு வணக்கம். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், 100 மில்லி ரத்தத்துக்கு ஐந்து கிராம்தான் என்று ரிப்போர்ட் வந்த இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எழுந்து உட்கார்ந்து பேசுகிறார். இன்னொருவர் படுத்த நிலையிலேயே மூச்சு வாங்குகிறார். அளவு ஒன்றுதான், தாங்கும் சக்தி வேறு. அதற்குக் காரணம் உடல் எவ்வளவு ஆக்சிஜனைச் செலவழிக்கிறது என்பதில் பாதி இருக்கிறது.

ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவரின் உடலுக்கு ரத்தம் நிமிடத்துக்குச் சுமார் 1000 மில்லி ஆக்சிஜனைக் கொண்டுபோகிறது. செலவாவது 250 மில்லிதான். மிச்சமெல்லாம் கையிருப்பு. ரத்தம் குறையும்போது இதயம் வேகமாக அடித்தும், திசுக்கள் கூடுதலாக உறிஞ்சியும் சமாளிக்கின்றன. 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான தன்னார்வலர்களின் ரத்தத்தை எடுத்து, அந்த அளவுக்குத் திரவம் ஏற்றி, ஹீமோகுளோபினை ஐந்துக்குக் கொண்டுவந்தார்கள். அசையாமல் படுத்திருந்த வரைக்கும் அவர்கள் உடல் தாங்கியது. ஆனால் அந்த அளவில் ஞாபகமும் சிந்தனை வேகமும் குறைவதைப் பின்னால் கண்டார்கள். ஆக்சிஜன் கொடுத்ததும் அது சரியானது.

இப்போது காய்ச்சலுக்கு வருவோம். உடல் சூடு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய பத்து சதவீதம் கூடும். அதைவிட மோசம் குளிர் நடுக்கம். தசைகள் எல்லாம் சேர்ந்து உதறும்போது தேவை இரண்டு மடங்குக்கும் மேலே போகலாம். கையிருப்பே இல்லாதவருக்கு இதை எங்கிருந்து கொடுப்பது? காய்ச்சலைத் தணிக்கிறோம் என்று ஐஸ் தண்ணீரில் துடைப்பது இந்த இடத்தில்தான் தப்பாகிவிடுகிறது. தோல் சில்லிட்டதும் உடல் நடுங்கத் தொடங்கிவிடும். பாராசிட்டமால், மெல்லிய போர்வை, அமைதியான ஓய்வு, காய்ச்சலின் காரணத்துக்குச் சிகிச்சை: இவைதான் வழி.

அப்படியானால் உடலை நன்றாகக் குளிர்வித்தால் தேவை குறையாதா? குறையும். தீவிர சிகிச்சைப் பிரிவில் மயக்கமருந்தும் தசைத்தளர்ச்சி மருந்தும் கொடுத்து அரிதாகச் செய்வதும் உண்டு. ஆனால் உடல் குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது, ஹீமோகுளோபினும் ஆக்சிஜனை எளிதில் விடாது. ரத்தம் கசிந்துகொண்டிருப்பவருக்கு அது ஆபத்து.

இதயம் பற்றியும் சொல்ல வேண்டும். தன்னிடம் வரும் ஆக்சிஜனில் பெரும்பகுதியை இதயத் தசை சாதாரண நாளிலேயே எடுத்துக்கொள்கிறது. மேலும் வேண்டுமென்றால் ரத்த ஓட்டம்தான் கூட வேண்டும். இதயக் குழாயில் அடைப்பு உள்ளவரால் அது முடியாது. மற்றவர்களைவிட முன்னதாகவே அவருக்கு நெஞ்சுவலி வரும்.

ஹீமோகுளோபின் மாதக்கணக்கில் மெதுவாகக் குறைந்தவர்களின் உடல் பழகிவிடுகிறது. சிவப்பணுக்கள் ஆக்சிஜனை எளிதாக விட்டுக்கொடுக்கக் கற்றுக்கொள்கின்றன, ரத்தத்தின் மொத்த அளவும் குறைவதில்லை. அதனால்தான் அவர்களுக்கு மெதுவாக ரத்தம் ஏற்றுகிறோம். "ஒரு பைக்கு இவ்வளவு நேரமா, வேகமாக விடக்கூடாதா?" என்று உறவினர்கள் கேட்பதுண்டு. ஏற்கனவே முழு வேகத்தில் ஓடும் இதயத்தில் திடீரென அளவு கூடினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். ஏற்றும்போது நடுக்கமோ மூச்சுத்திணறலோ தெரிந்தால் அந்த நொடியே செவிலியரைக் கூப்பிடுங்கள்.